எந்தத் தோளில் வைப்பது

மலாக்கா டவுனில் இருக்கும் அந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நான் முடிவு செய்துவிட்டுத்தான் நுழைந்தேன். எதை வாங்குவது, எதைத் தொட்டுப் பார்ப்பது, எங்கே குறை சொல்வது எல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டு மாதமாகக் கைப்பேசியில் துப்பாக்கிக் காணொளியாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "நீ பாக்க வேணாம்மா, நான் பாத்துச் சொல்றேன்" என்பேன். துப்பாக்கி அவளுக்குத்தான். இருந்தும் அப்படிச் சொன்னேன். என் புத்தி அப்படி.

வலது கண் எனக்குப் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒழுங்காக விட்டேனா என்றால், இல்லை. அதைப் பற்றி நானும் என் மகளும் போட்ட சண்டையை எழுதினால் தனிப் புத்தகமாகும்.

டுரியான் துங்கால் என்கிற ஊரைத் தாண்டி, எஸ்டேட் ஓரமாக எங்களுக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. முப்பது வருடம் எஸ்டேட் லோரி ஓட்டி வாங்கிய நிலம். பாதி டுரியான், பாதி செம்பனை. பழைய செம்பனையை வெட்டிவிட்டு இளங்கன்று நட்டிருந்தோம். நட்ட நாளிலிருந்து காட்டுப்பன்றி எங்களை விடவில்லை. கன்றின் அடியைத் தோண்டிச் சாய்த்துவிட்டு நடுக்குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் வயிறு எரியும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று என் பெயரில் லைசென்ஸ் உண்டு, நடுவில் மடங்கும் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியும் உண்டு. என்னைத் தவிர வேறு கை அதன்மேல் படக்கூடாது என்பது சட்டம். நானும் படவிட்டதில்லை.

என் மகளுக்கு முப்பத்தாறு வயது. ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசராக இருந்தாள். அவள் அம்மா இறந்ததும் அதை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டாள். என்னைப் பார்த்துக்கொள்ள வந்ததாக ஒருநாளும் சொல்லமாட்டாள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்ததாகத்தான் சொல்வாள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

போன வருடம் ஒரு காலைப்பொழுதில் அவள் கீழ்ப்பக்கத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மேலே டுரியான் மரத்தடியில் துப்பாக்கியோடு நின்றிருந்தேன். "அப்பா" என்று ஒரு குரல் வந்தது. குட்டி போட்ட தாய்ப்பன்றி ஒன்று அவளைத் துரத்திக்கொண்டு வந்தது. நான் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டேன். பார்த்தால் பச்சைக்கு நடுவே இரண்டு கறுப்புப் புள்ளி ஓடுகிறது. எது பன்றி, எது என் மகள் என்று எனக்குத் தெரியவில்லை. விரல் விசையில் இருந்தது. அரைக்கணம் போயிருந்தால் அழுத்தியிருப்பேன். அவள் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டாள், பன்றி குட்டிகளோடு போய்விட்டது. நான் தோட்டாவைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கதையை அவளிடம் முழுதாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

சொன்ன அன்றே முடிவாகிவிட்டது. இனி நான் சுடக்கூடாது, லைசென்ஸ் அவள் பெயருக்குப் போகவேண்டும். ஆனால் அவள் அந்த நான்கு ஏக்கரில் தனியாகத்தான் நடக்கப்போகிறாள். அதனால் அவள் கையில் இருப்பது நல்ல துப்பாக்கியாக இருக்கவேண்டும், அவசரத்தில் காலை வாரிவிடாத துப்பாக்கியாக இருக்கவேண்டும். எனக்கு உயிர்நாடி அது ஒன்றுதான். பல மாதம் போலிஸ் நிலையத்துக்கு நடந்தோம். நிலப் பத்திரமான கிராண்டைக் கேட்டார்கள், அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். கடைசியில் வாங்குவதற்கான அனுமதித்தாள் வந்தது.

நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது துருக்கியில் செய்த தானியங்கி. ஒரு தடவை சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். உடம்பு முழுக்கக் கறுப்பு, பின்கட்டை பிளாஸ்டிக், மேலே டார்ச் மாட்டுவதற்குப் பல்லுப் பல்லாக ஒரு தண்டவாளம். படத்தில் போலிஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்தச் சாயல். விலையும் நம் கைக்கு எட்டியது. இத்தாலிக்காரன் செய்ததைத் தொடவேண்டுமானால் நிலத்தில் கால்வாசியை விற்கவேண்டும்.

கடை சீனருடையது. கவுண்ட்டரில் நிற்பவர் நம் தமிழ் முஸ்லிம், ஐம்பதைத் தாண்டியவர், வெகுகாலமாக அங்கேயே வேலை. தாளை வாங்கிப் படித்துவிட்டு, "தோட்டத்துல அது தொல்லையாண்ணே?" என்று கேட்டார்.

"எது பாய்?" என்றேன், வேண்டுமென்றே.

"அதுதாண்ணே. என்னைச் சொல்ல வெக்காதீங்க" என்று சிரித்தார். முப்பது வருடம் அதைச் சுடத் துப்பாக்கி விற்கிற மனுஷன், அதன் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லையாம். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

கறுப்புத் துப்பாக்கியை எடுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் காட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார். நானும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். குழாயை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து நல்ல கண்ணால் பார்த்தேன். பக்கவாட்டுப் பிடியை இழுத்து விட்டேன், சத்தம் சுத்தமாக இருந்தது. வெற்றுத் தோட்டா ஐந்தை வாங்கி உள்ளே தள்ளி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். நான்காவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"புதுசுல அப்படித்தாண்ணே. கனமான தோட்டாவா ரெண்டு பெட்டி சுட்டாக்கா இளகிக் குடுக்கும். லேசான தோட்டா போட்டா ஆரம்பத்துல அடுத்தது ஏறாம நிக்கும்" என்றார் பாய். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

"நமக்கு லைசென்ஸ்ல தோட்டா குடுக்குறதே அளந்துதான் குடுக்குறாங்க. இளகுறதுக்கே ரெண்டு பெட்டி போச்சுன்னா, எதை வெச்சுச் சுடறது?"

"அது உண்மைதாண்ணே."

"ஸ்ப்ரிங் ஒடைஞ்சா?"

"ஆர்டர் போடணும். ரெண்டு மூணு மாசம் ஆவும்லா."

விசை கொஞ்சம் இறுக்கம், திருகாணி ஓரத்தில் சாயம் லேசாகப் பெயர்ந்திருந்தது, எடை பரவாயில்லை. என் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், தேறியது. எனக்கு என்மேலேயே பெருமை. இவ்வளவு நேரமும் என் மகள் பின்னால் கைகட்டி நின்றிருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பாவுக்குத் தெரியும் என்று நிற்கிறாள் என நான் நினைத்துக்கொண்டேன்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இவகிட்டக் குடுங்க பாய், தோள்ல வெச்சுப் பாக்கட்டும்" என்றேன்.

அவள் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பாய் செய்ததுபோலவே அறை காலியா என்று முதலில் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி, தூக்கி, இடது தோளில் வைத்தாள். ரொம்ப நாளாக அங்கேயே இருந்ததுபோல் அது போய் உட்கார்ந்தது. கன்னம் கட்டையோடு ஒட்டியது, குழாய் அசையாமல் நின்றது. முதல் தடவையாகத் துப்பாக்கி பிடிக்கிற பெண் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் பார்த்தது அதையல்ல. "ஏய், சோத்துக்கைக்கு மாத்து" என்று ஒரு அதட்டல் போட்டேன். யோசித்துப் போட்டதல்ல, தானாக வந்துவிட்டது.

நான் சொல்லி முடிப்பதற்குள் மாற்றிவிட்டாள். "ஏன்" என்று கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது தோளில் வைத்ததும் குழாய் அலைந்தது. தலையைக் கட்டைக்கு மேலாகச் சாய்த்தாள், ஒரு கண்ணை மூடினாள், பிறகு மறு கண்ணை மூடினாள். சற்றுமுன் பார்த்த பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

பாய் அவள் கையிலிருந்து துப்பாக்கியை மெதுவாக வாங்கிக் கவுண்ட்டரில் வைத்தார். "தங்கச்சி, அப்பா சொல்றது இருக்கட்டும். ரெண்டு கையையும் நீட்டி, நடுவுல சின்னதா ஓட்டை மாரி வெச்சுக்கிட்டு, அந்தச் சுவர்க் கடிகாரத்தப் பாருங்க. ரெண்டு கண்ணும் தெறந்தே இருக்கட்டும். கடிகாரத்த விடாம கைய முகத்துக்கிட்ட இழுங்க."

அவள் இழுத்தாள். கை இடது கண்ணுக்கு வந்தது. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் இடது கண். மூன்றாம் தடவை நானே செய்யச் சொன்னேன். அதே கண்தான்.

"குறி பாக்குற கண்ணு இடதுண்ணே. தோளும் அந்தப் பக்கந்தான் வைக்கணும்."

"என்ன பாய் பேசறீங்க? அவ சோத்துக்கைக்காரி. எழுதுறது, சாப்புடுறது, ஸ்குரு முடுக்குறது, எல்லாம் சோத்துக்கைதான்" என்றேன். குரல் ஏறிவிட்டது.

பாய் அவளைப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இப்ப அப்படித்தான்" என்றாள்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கடைவாசலில் நின்றேன். ரோட்டில் டூரிஸ்ட் பஸ் ஒன்று திரும்பமுடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பிறவியில் பீச்சக்கைக்காரி. மூன்று நான்கு வயதில் எதை எடுத்தாலும் இடது கைதான். கோயிலில் திருநீறு வாங்க இடது கையை நீட்டுவாள், ஐயர் என் முகத்தைப் பார்ப்பார். மலாய்க்காரக் கடையில் இடது கையால் காசு கொடுப்பாள், நான் வெட்கத்தில் கூனிப்போய் மன்னிப்புக் கேட்பேன். பெண்பிள்ளை, நாளைக்கு இன்னொரு வீட்டில் போய்ப் பீச்சக்கையால் பரிமாறினால் என்ன சொல்வார்கள் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் ஆளுக்கு ஆள் கேட்டார்கள். "சின்னப் புள்ளதானே, விடுங்களேன்" என்றாள் என் மனைவி. நான் விடவில்லை. சொல்லிப் பார்த்தேன், இரண்டு அடி போட்டேன், அவள் மாறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்று எழுதி அனுப்பினார்கள், அதற்கும் நான்தான் அடித்தேன். அந்தக் கோழிக் கையெழுத்துக்குக் காரணமும் நான்தான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பிள்ளையைத் திருத்திவிட்டேன் என்று பலபேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாசலில் நின்றபோது எனக்கு அடித்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நாற்பது பேரை மேய்த்தவள், குத்தகைக்காரனை நடுத்தோட்டத்தில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்பவள், என் ஒரு அதட்டலுக்கு யோசிக்காமல் கை மாற்றினாளே, அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. தோட்டத்தில் அது எதிரே ஓடிவரும்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். ஆனால் என் குரல் அவளுக்குள்ளே இருக்கும். சரியான தோளில் வைப்பாள், என் குரல் கேட்கும், மாற்றுவாள். அந்த அரைக்கணம் போதும் அதற்கு. நல்ல துப்பாக்கி தேடி இரண்டு மாதம் அலைந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

உள்ளே போனேன். "பீச்சக்கையிலேயே வைம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. "கோவமா சொல்றீங்களாப்பா?"

"இல்லம்மா. உனக்கு எப்படி வருதோ அப்படி வை. நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன்."

"அது எப்படி முடியும் உங்களால?" என்றாள். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடி வைத்தாள். மறுபடி அது அழகாக உட்கார்ந்தது. பாய் வெற்றுத் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்து, அவளையே ஒவ்வொன்றாக இழுத்து எடுக்கச் சொன்னார். அப்போதுதான் அந்தக் கறுப்புத் துப்பாக்கியின் லட்சணம் தெரிந்தது. இழுக்கிற பிடி வலது பக்கம். அவள் துப்பாக்கியின் மேலாகக் கையைக் கொண்டுபோய் எட்டி இழுக்கவேண்டியிருந்தது. தோட்டா வெளியே வருகிற வாயும் வலது பக்கம்தான். அவள் முகம் இருக்கிற பக்கமே அது திறந்து, தோட்டா அவள் மூக்குக்கு முன்னால் துள்ளி விழுந்தது. பூட்டுப் பொத்தானும் வலதுகை விரலுக்குத் தோதாக வைத்தது. நான் இத்தனை காணொளி பார்த்தேன், அத்தனையிலும் சுட்டவன் வலதுகைக்காரன். அதை யோசிக்கவேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

"சுடும்போது பொகையும் தூளும் இந்த வழியாத்தான் வருமா பாய்?" என்று அவள் கேட்டாள்.

"கொஞ்சம் வரும் தங்கச்சி. பழகிக்கிறவங்க இருக்காங்க."

"பழகுனது போதும்" என்றாள். "ரெண்டு கைக்கும் ஒரே மாரி இருக்குறது எது இருக்கு?"

அதற்குப் பிறகு அங்கே பேசியது அவள்தான். தொழிற்சாலைக் குரல் வந்துவிட்டது. எடையைக் கேட்டாள், உதை எப்படி என்று கேட்டாள், சுத்தம் பண்ண எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டாள், மழையில் நனைந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். பாய் உள்ளேயிருந்து நான்கைந்து துப்பாக்கி கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை தூக்கி வைத்துப் பார்த்தாள். நான் ஓரத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் அவள் எடுத்தது ஓர் இரட்டைக்குழல். நடுவில் மடக்கி இரண்டு தோட்டா போடவேண்டும், சுட்டதும் மடக்கி எடுக்கவேண்டும். பக்கம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. பூட்டுப் பொத்தானும் நடு முதுகில் இருந்தது, எந்தக் கட்டைவிரலுக்கும் எட்டும். பார்க்க என் பழைய துப்பாக்கியின் அக்காள்போல் சாதுவாக இருந்தது.

என்னால் முடியவில்லை. "ரெண்டே ரெண்டு தோட்டாம்மா" என்றேன். "அதுல அஞ்சு இருக்கு."

"சரியா பட்டா ஒண்ணே போதும்பா."

தாள் வேலை முடியச் சில நாள் ஆகும், அதற்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார் பாய். கிளம்பும்போது என்னிடம் மட்டும், "பெரும்பாலும் ஆம்பளைங்க வந்து கறுப்பா இருக்குறதப் பாத்து வாங்கிட்டுப் போய்டுவாங்கண்ணே. தங்கச்சி நல்லாப் பாத்துச்சு" என்றார். அந்த ஆம்பளைங்க பட்டியலில் நானும் உண்டு என்பது எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வடக்கே போகவேண்டும். அவள் காரைத் தெற்கே திருப்பினாள். மீன் சாப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டதாம். கடலோரத்தில் இருக்கும் உம்பாயில் மத்தியானமும் திறந்திருந்த ஒரு கடையில் உட்கார்ந்தோம். சுட்ட மீனும் சம்பாலும் சோறும் வந்தது. அவள் வலது கையால் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நான் நெஞ்சுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டு வந்ததை அப்போதுதான் சொல்ல வாய் வந்தது.

"உனக்கு எந்தக் கை வருதோ அந்தக் கையில சாப்புடும்மா. இங்க யாரும் நம்மளக் கேக்கப் போறதில்ல."

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். "இந்தக் கைக்கு மட்டுந்தான்பா சாப்புடத் தெரியும். அந்தக் கை கத்துக்கவே இல்ல."

"தப்புப் பண்ணிட்டேன்மா."

அவள் ஒரு துண்டு மீனை முள் இல்லாமல் எடுத்து என் தட்டில் வைத்தாள். கண் சரியில்லாததால் என் மீனுக்கு முள் எடுப்பது அவள் வேலை. பிறகு, குற்றம் சொல்கிற குரலில்லாமல், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவள்போல் கேட்டாள்.

"அடிச்சதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லப்பா. ஏன்பா கட்டிப் போட்டீங்க?"

மேலே இரண்டு அடி போட்டேன் என்று எழுதியிருக்கிறேன். கட்டியதை எழுதவில்லை. எழுத விடாமல் ஏதோ தடுத்தது. சோறு போடுகிற நேரமெல்லாம் அவள் இடது கையை நாற்காலியின் முதுகுக் கம்பியோடு சேர்த்துத் துண்டால் கட்டுவேன். நான்கு வயது. பள்ளிக்கூடம் சேர்க்கிறவரை அப்படித்தான் சாப்பிட்டாள். அவள் மறந்திருப்பாள் என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல சிரிப்பாங்கன்னு பயம்மா" என்றேன். "உன்னையில்ல. என்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. போன கண், இருக்கிற கண் இரண்டிலும் வந்தது. பக்கத்து மேசையில் மலாய்க்காரக் குடும்பம் ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது, பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். என் மகள் தன் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு அவுத்துவிட்டுட்டீங்கல்லப்பா. போதும், சாப்புடுங்க."

அவள் பிடியை விடாமலே மறு கையால் சாப்பிட்டாள்.